பியானோவோடு இன்னொரு பட்டம்: கொழும்புப் பிள்ளைக்கு எந்த வழி பொருந்தும்?

பியானோவில் கிரேட் பரீட்சைகளின் கடைசிப் படியான கிரேட் 8 முடித்த பிள்ளை உயர்தர வகுப்புக்குப் போகும் வருடத்தில்தான் வீட்டில் இந்தப் பேச்சு எழும்பும். பியானோவையே படிக்கட்டுமா, அல்லது கணக்கியலோ சட்டமோ கொம்பியூட்டரோ எடுத்துவிட்டுப் பியானோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா? இரண்டையும் சேர்த்தே படிக்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால் அம்மாவுக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் நிம்மதி. ஆனால் 'இரண்டையும் சேர்த்து' என்ற பேச்சுக்குள் குறைந்தது நாலு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, வருடக் கணக்கு வேறு, ஒரு நாளில் பியானோவுக்கு மிஞ்சுகிற நேரமும் வேறு.

கொழும்புக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கில்ட்ஃபோர்ட் கிரெசன்டில் இருக்கும் அரங்குக்குப் பெயர் தந்த லயனல் வென்ட், லண்டனில் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டருக்குப் படித்துக்கொண்டே ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக்கில் பியானோவும் கற்றவர். ஊர் திரும்பிய பிறகு சட்டம் அவரிடம் அதிக நாள் தங்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படி இரண்டு இடத்தில் ஒரேயடியாகப் பதிந்துகொள்ள வசதியுள்ள குடும்பங்களால் முடிந்தது. இன்றைக்கு விசாவும் கிரெடிட்டும் புலமைப்பரிசில் விதிகளும்தான் எது முடியும், எது முடியாது என்று தீர்மானிக்கின்றன.

கிரேட் 8 எந்த இடத்தில் விடுகிறது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் பெரும்பாலான வீடுகள் பிழைவிடுகின்றன.

கொழும்பில் 'ரோயல் ஸ்கூல்ஸ்' என்று சொல்லும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். செயன்முறைப் பரீட்சையில் கிரேட் 8க்கு மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசித்தல், செவிப்பயிற்சி. மொத்தம் 150 புள்ளி; 100 எடுத்தால் சித்தி, 120க்கு மெரிட், 130க்கு டிஸ்டிங்ஷன். புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கலாம். அந்த மூன்று உருப்படிகளுக்கு ஒரு முழு வருடம் எடுத்துக்கொள்கிற பிள்ளைகளே அதிகம்.

வெளிநாட்டு இசைக்கல்லூரியின் ஒடிஷனுக்கு, அதாவது தெரிவுக்காக வாசித்துக் காட்டுவதற்கு, பொதுவாகக் கேட்பது வேறு: பாகின் ஒரு பிரிலூடும் ஃபியூகும், ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் வரிசையில் ஒரு சோனாட்டா, ஷோபான், ஷூமன், பிராம்ஸ் காலத்துப் பெரிய உருப்படி ஒன்று, இருபதாம் நூற்றாண்டு உருப்படி ஒன்று, அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ எட்யூட் (விரல் நுட்பத்துக்கான பயிற்சி உருப்படி). முப்பது, நாற்பது நிமிடத்துக்கு வரும். எல்லாம் மனப்பாடம். கிரேட் 8 டிஸ்டிங்ஷனுக்கும் இதற்கும் நடுவில் சாதாரணமாக இரண்டு வருட வேலை கிடக்கிறது. அந்த இரண்டு வருடமும் நம் ஊரில் உயர்தரத்துக்கும் ரியூஷன் வகுப்புகளுக்கும் போய்விடுகிற அதே இரண்டு வருடம்.

இந்த இடைவெளியை அளக்க டிப்ளோமாக்கள் உதவும். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் ஏ.ஆர்.எஸ்.எம். என்பது முப்பது நிமிட நிகழ்ச்சி. ஸ்கேல் இல்லை, செவிப்பயிற்சி இல்லை, வீடியோவாகவும் அனுப்பலாம். இன்னொரு பரீட்சைச் சபையான ட்ரினிட்டியின் டிப்ளோமாக்களில் ஏ.டி.சி.எல். சுமார் 35 நிமிடம், எல்.டி.சி.எல். சுமார் 40 நிமிடம். ஏ.டி.சி.எல்.லைப் பட்டப்படிப்பின் முதல் வருடத் தரமாகவும், எல்.டி.சி.எல்.லைக் கடைசி வருட மேடைத் தரமாகவும் கொள்வது வழக்கம். உயர்தரம் முடிகிறபோது ஏ.டி.சி.எல். நிகழ்ச்சியைப் புத்தகமில்லாமல் வாசிக்கக்கூடிய பிள்ளை பியானோவைப் பட்டமாக யோசிக்கலாம். கிரேட் 8இலேயே நின்றுவிட்ட பிள்ளைக்கு முதலில் ஒரு வருடம் பியானோவுக்கு மட்டும் வேண்டும். அதன் பிறகு பேசலாம்.

இன்னொரு விஷயம், இதை எந்த வழியிலும் மறக்கக்கூடாது. பியானோவை அடுத்த படியிலும் காதால்தான் கேட்டுத் தெரிவு செய்வார்கள். மற்றப் பாடத்தைச் சான்றிதழால் தெரிவு செய்வார்கள். முதுமாணி இசைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய பட்டம் வேதியியலில் இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் கதவு மூடாது. ஒடிஷன் நன்றாக இருக்க வேண்டும், தியரி இடைவெளியை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். மறுபக்கம் பாருங்கள்: பியானோப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதுமாணிப் பொருளியலுக்குப் போக முடியாது. ஆகவே 18 வயதுக்கும் 22க்கும் இடையில் இரண்டு பட்டத் தாள் கிடைக்குமா என்பதைவிட, அந்த நாலு வருடமும் நல்ல ஆசிரியரும் நாளைக்கு மூன்று நாலு மணி நேரமும் ஒரு நல்ல பியானோவும் எந்த ஏற்பாட்டில் கிடைக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி.

அமெரிக்கா: ஒரே சொல், இரண்டு பொருள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'டபுள் மேஜர்' என்பது ஒரே பட்டத்துக்குள் இரண்டு முதன்மைப் பாடம். 'டபுள் டிகிரி' என்பது இரண்டு தனித்தனிப் பட்டம். பியானோ வாசிப்பில் முழுப் பட்டம் வேண்டுமென்றால் அது பி.எம்., அதாவது பச்சிலர் ஒஃப் மியூசிக். அதில் மொத்தப் பாடத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இசைக்கே போகும். பி.ஏ. இசையில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கு அண்மையில் நிற்கும். 120 கிரெடிட் பி.எம். பட்டத்துக்குள் கொம்பியூட்டர் சயன்ஸை இரண்டாவது மேஜராகச் செருக இடமே இல்லை. அதனால்தான் பி.எம்.மும் பி.ஏ. அல்லது பி.எஸ்.சி.யும் சேரும்போது இரண்டு பட்டமாகி, ஐந்து வருடமாகிறது.

ஓபர்லின், லோரன்ஸ் போன்ற கல்லூரிகளில் இந்த ஐந்து வருட ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. நோர்த்வெஸ்டர்னின் பீனென் இசைப்பள்ளியிலும் உண்டு. ரொச்செஸ்டர் பல்கலைக்கழகமும் அதன் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியும் சேர்ந்து நடத்துவதும் ஒன்று. பார்ட் கல்லூரியின் இசைப்பிரிவு இதை விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்கியே தொடங்கியது: இசையோடு இன்னொரு பாடத்திலும் பட்டம் எடுத்தே ஆக வேண்டும். டஃப்ட்ஸும் நியூ இங்கிலாந்து கொன்சர்வேற்றரியும் போல இரண்டு நிறுவனங்கள் கைகோக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன; அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற நேரத்தையும் பாடநேரமாகவே எண்ண வேண்டும்.

சேர்வது எப்படி? கல்லூரியும் இசைப்பள்ளியும் தனித்தனியாக முடிவெடுக்கும். ஒன்று ஏற்று, மற்றது மறுத்துவிடலாம். பிள்ளை இரண்டு பாடத்தையும் ஒரேயளவு விரும்புகிறதென்று நினைத்த குடும்பம், அந்தக் கடிதம் வந்த பிறகுதான் எது முதலில் என்று யோசிக்கத் தொடங்கும். விண்ணப்பத்துக்கு முன்னமே அதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே போன பிறகு எங்கே இடிக்கும்? பயிற்சி நேரத்தில்தான் இடிக்கும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் முதலில் இடிப்பது தியரிச் சங்கிலி. ஹார்மனி நாலு செமஸ்டர், செவிப்பயிற்சி நாலு செமஸ்டர், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பல இடங்களில் ஒவ்வொரு படியும் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அந்த வகுப்பு திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு. இரண்டாவது பாடத்தின் கட்டாய வகுப்பும் அதே பத்து மணிக்கு விழுந்தால் ஒன்று ஒரு வருடம் தள்ளிப்போகும். இப்படி இரண்டு தடவை தள்ளினால் ஐந்து வருடம் ஆறாகும்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் கிரேட் 6 செயன்முறைக்குப் போகக் கிரேட் 5 தியரி வேண்டும். ட்ரினிட்டியில் அப்படி நிபந்தனை இல்லை. ஆகவே தியரியே படிக்காமல் கிரேட் 8 வரை வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கிரேட் 5 வரை படித்தவர்களுக்கும் அந்தப் பரீட்சை இப்போது கொம்பியூட்டரில் விடையைத் தெரிவு செய்யும் பரீட்சைதான். கையால் ஹார்மனி எழுதும் வேலை கிரேட் 6இல்தான் உண்மையாகத் தொடங்குகிறது. போய் இறங்கிய முதல் வாரத்தில் தியரித் தரப்படுத்தல் சோதனை வைப்பார்கள். அதில் விழுந்தால் பட்டத்துக்குச் சேராத அடிப்படை வகுப்பில் போடுவார்கள். சங்கிலியின் முதல் கண்ணியே ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ பிந்திப்போகும். கிரேட் 6, 7 தியரியை உயர்தரத்துக்குப் பிந்திய காத்திருப்பில் முடித்துவிட்டால் இந்த ஒரு வருடத்தைக் காப்பாற்றலாம். இந்தக் கட்டுரையில் சொல்வதில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

அடுத்தது கிரெடிட்டின் ஏமாற்று. சாதாரண பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேர வேலை. செம்பர் மியூசிக் (சிறு குழுவாக வாசிப்பது), பாடகருக்குப் பக்கவாசிப்பு போன்றவற்றில் ஒரு கிரெடிட் என்று எழுதியிருக்கும். ஒத்திகையோடு வாரத்தில் ஐந்து மணி போகும். 18 கிரெடிட் என்று தாளில் தெரிகிற செமஸ்டர், நாளைக்கு நாலு மணிப் பயிற்சியையும் சேர்த்தால் வாரம் எழுபது மணியைத் தாண்டும். மூன்றாம் வருடத்தில் தனியாக வாசிக்கும் மேடை நிகழ்ச்சி சுமார் 30 நிமிடம், கடைசி மேடை சுமார் 60 நிமிடம். அந்த இரண்டு செமஸ்டரிலும் இரண்டாவது பாடத்தில் மிக இலேசான வகுப்புகளை மட்டும் வைப்பதற்கு முதல் வருடத்திலேயே ஐந்து வருட அட்டவணை போட வேண்டும். கடைசி மேடையும் ஆய்வறிக்கையும் ஒரே ஏப்ரலில் வந்து நிற்பதுதான் இந்த ஏற்பாட்டின் வழமையான விபத்து.

பணத்தில் கவனிக்க வேண்டியது ஐந்தாம் வருடம். பல புலமைப்பரிசில்கள் எட்டுச் செமஸ்டருக்கே. ஒன்பதாவதும் பத்தாவதும் யார் தலையில் என்று அனுமதிக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். இசைப்பள்ளி தரும் திறமைப் பரிசிலும் கல்லூரி தரும் தேவை அடிப்படை உதவியும் ஒன்றை ஒன்று குறைக்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

விசாவில் ஒரு நல்ல செய்தி உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்தபின் 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். பட்டம் கணிதம், புள்ளிவிபரவியல், கொம்பியூட்டர் போன்ற அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால், அந்தத் துறை வேலைக்கு இன்னும் 24 மாதம் நீட்டலாம். பியானோப் பட்டத்துக்கு அந்த நீட்டிப்பு இல்லை. இரண்டாவது பாடத்தைத் தெரிவு செய்யும்போது இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் கணக்குப் போடாத குடும்பமும் இல்லை.

பி.ஏ. வழி: மெதுவானது, பலருக்குச் சரியானது

பி.எம். வேண்டாம், ஒரு பி.ஏ.வுக்குள் இசையும் பொருளியலும் என்று நாலு வருடத்தில் முடிக்கும் வழி இரண்டாவது. வாரப் பாடம் இருக்கும், மேடை இருக்கும், நல்ல ஆசிரியர் கிடைத்தால் கையும் வளரும். கட்டாய ஒத்திகைகள் குறைவு. முடித்தபின் ஒடிஷன் கொடுத்து முதுமாணி இசைக்குப் போகலாம். ஆறு வருடத்தில் ஒரு பொதுப் பட்டமும் ஒரு முழு இசைப் பட்டமும். இரட்டைப் பட்டக்காரர் ஐந்து வருடத்தில் இரண்டு இளமாணிப் பட்டம் வைத்திருப்பார். இவர் ஒரு வருடம் கூடப் போட்டு முதுமாணியோடு நிற்பார். பியானோ கலைஞர் இமானுவெல் ஆக்ஸ் ஜூலியார்டில் வாசிப்பைக் கற்றுக்கொண்டே கொலம்பியாவில் பிரெஞ்சு மொழியில் பட்டம் எடுத்தவர். பாடம் எதுவாக இருந்தாலும் வாசிப்பை வளர்த்தது ஆசிரியரும் நேரமும்.

எதிர்த் திசையில் ஓர் ஆள்: பிற்காலத்தில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலராக இருந்த கொண்டலீசா ரைஸ் டென்வர் பல்கலைக்கழகத்தில் பியானோ மாணவியாகத் தொடங்கி அரசறிவியலுக்கு மாறியவர். அப்படி மாறுவது பி.ஏ. ஏற்பாட்டில் ஒரு படிவம் நிரப்புவதோடு முடியும். தனி இசைக்கல்லூரியில் இருந்து மாறுவதென்றால் பல்கலைக்கழகத்தையே மாற்ற வேண்டும். 17 வயதில் உறுதியாகத் தெரியாத பிள்ளைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த வழியின் பலவீனம், பக்கத்து அறையில் வாசிக்கிற ஆள் இல்லாதது. இசைக்கல்லூரியில் சுவருக்கு அப்பால் யாரோ பிராம்ஸை உருட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் எழுந்து போக வெட்கப்படுவீர்கள். சிறு கல்லூரியில் அந்த வெட்கம் கிடைக்காது.

பிரித்தானியா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர்

பிரித்தானியாவில் 'டபுள் மேஜர்' பழக்கம் இல்லை. சேரும்போதே பாடம் தீர்ந்துவிடும். விதிவிலக்காக மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் ரோயல் நோர்தன் கொலேஜ் ஒஃப் மியூசிக்கும் சேர்ந்து நடத்தும் இணைப் பாடநெறி உண்டு. ஆனால் அங்கே பல்கலைக்கழகப் பக்கமும் இசைதான். பொருளியலும் பியானோவும் என்று தேடுகிறவருக்கு அது விடையல்ல. மற்றபடி ஒரு பல்கலைக்கழகத்தில் வேறு பாடம் படித்துக்கொண்டு தனியே ஆசிரியரிடம் போவதுதான் நடைமுறை. கிரேட் 8 டிஸ்டிங்ஷனுக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸின் கணக்கில் 30 புள்ளி, லண்டன் ஏ.எல். 'சி' தரத்துக்கு 32. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் புள்ளியைப் பார்க்காமல் பாடத் தரத்தையே கேட்கிற பல்கலைக்கழகங்களில் அது உதவாது. இசைக்கல்லூரி விண்ணப்பம் தனி வழியில், ஒக்டோபர் தொடக்கத்திலேயே மூடும். அதைத் தவறவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு, ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஜனவரித் திகதியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குவதும், கலியாண வீட்டில் வாசித்துக் காசு வாங்குவதும் அதற்குள் வரும். கொழும்பில் பதினெட்டு வயதில் நாலு மாணவரை வைத்துக் கைச்செலவைப் பார்த்த பிள்ளை அங்கேயும் அதைச் செய்யலாம் என்று பட்ஜெட் போட்டால் சிக்கலில் மாட்டும்.

அவுஸ்திரேலியாவில் இரட்டைப் பட்டம் சாதாரண விஷயம். மொனாஷ், ஏ.என்.யூ. போன்ற இடங்களில் இசையை இன்னொரு பட்டத்தோடு இணைக்கலாம். ஒரே நிறுவனம், ஒரே விண்ணப்பம் என்பதால் நிர்வாகத் தலையிடி குறைவு. வாசிப்பின் கடுமையில் தனி இசைக்கல்லூரிகள் அளவுக்குப் போகுமா என்பது ஆசிரியரைப் பொறுத்தது. சிங்கப்பூரில் யோங் சியூ தோ இசைக்கல்லூரி தேசியப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாலு வருட இசைப் பட்டத்தோடு பல்கலைக்கழகத்தின் வேறு பாடமொன்றையும் சேர்க்க வழி உண்டு. மூன்று, நாலு மணி நேர விமானப் பயணம். போட்டி மிகக் கடுமை. கை தயாராக உள்ள பிள்ளை என்றால் அமெரிக்காவுக்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கொழும்பிலேயே இருந்து

காசு பெரிய கேள்வியாக உள்ள வீட்டுக்கு இதுதான் முதல் வழி. இதை 'கிடைக்காதவர்கள் எடுக்கும் வழி' என்று பார்ப்பது பிழை.

அரச பல்கலைக்கழகங்களில் இரண்டு உள்வாரிப் பட்டத்துக்கு ஒரே நேரத்தில் பதிய முடியாது. இசையென்றால் கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. இசட் புள்ளிக்கு மேல் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பியானோவை முதன்மை வாத்தியமாக எடுக்கலாமா, எந்த மொழியில் விரிவுரை என்று விண்ணப்பிக்கும் வருடத்தில் நேரில் போய்க் கேட்பது தமிழ்ப் பிள்ளைக்கு முக்கியம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள இசைப் பட்டங்கள் கர்நாடக சங்கீதத்தை மையமாகக் கொண்டவை.

நடைமுறையில் கொழும்பில் வேலை செய்கிற சேர்க்கை இதுதான்: ஒரு பட்டம் அல்லது தொழில்முறைத் தகைமை, அதோடு ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்., பிறகு விருப்பமானால் வெளிநாட்டில் முதுமாணி இசை. இந்தச் சேர்க்கையில் தொழில்முறைப் பாடநெறியின் பரீட்சைக் கலண்டர்தான் தீர்ப்புச் சொல்லும். கணக்கியல் தகைமையான சிமாவின் கொம்பியூட்டர்ப் பரீட்சைகளை வருடத்தின் பெரும்பகுதியில் விரும்பிய நாளில் எழுதலாம். கேஸ் ஸ்டடி மட்டும் பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நொவெம்பர். இன்னொரு கணக்கியல் தகைமையான ஏ.சி.சி.ஏ.யில் மேல்நிலைப் பரீட்சைகள் மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர். டிப்ளோமா மேடைக்கு முந்திய ஆறு கிழமையில் எந்தப் பரீட்சையும் விழாமல் நகர்த்த சிமா இடம் தரும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டம், பொருளியல் பட்டங்களில் பெரும் பரீட்சைகள் மே, யூனில் குவியும். அப்படியானால் டிப்ளோமாவை வருடத்தின் பிற்பாதிக்குத் தள்ளுங்கள்.

உள்ளூர் உயர்தரக்காரருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: பரீட்சைக்கும் பல்கலைக்கழக நுழைவுக்கும் இடைப்பட்ட நீண்ட காத்திருப்பு. எல்லோரும் அதைத் திட்டுவார்கள். நாளைக்கு நாலு மணி வாசிக்கக் கிடைக்கிற ஒரே காலம் அதுதான். அந்தக் காலத்தில் ஏ.டி.சி.எல்.லும் கிரேட் 6, 7 தியரியும் முடித்த பிள்ளை, பிறகு எந்த வழியில் போனாலும் முன்னால் நிற்கும்.

பிற்காலத்தில் சொல்லிக்கொடுத்து உழைக்க நினைத்தால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். கொழும்பில் பியானோ ரீச்சரின் வேலை நேரம் பிற்பகல் இரண்டரையில் தொடங்கி ஏழு மணிவரை, அதோடு சனிக்கிழமை முழுவதும். ஒன்பது தொடக்கம் ஐந்து வரையான அலுவலக வேலை அதை அப்படியே விழுங்கும். காலையில் முடிகிற வேலை, அல்லது நேரத்தை நாமே வைக்கக்கூடிய மொழிபெயர்ப்பு, மென்பொருள், கணக்குப் பதிவு போன்றவை பொருந்தும். இரண்டாவது பட்டத்தைத் தெரிவு செய்யும்போது சம்பளத்தோடு இதையும் பாருங்கள்.

எந்தப் பாடம் பியானோவோடு ஒத்துப்போகும்

கணிதம், கொம்பியூட்டர், பொருளியல், மொழி, வரலாறு ஒத்துப்போகும். வேலை கடுமையாக இருந்தாலும் இரவு பத்து மணிக்கும் செய்யலாம், பியானோ பகலில் வாசிக்கலாம். ஆய்வுகூடம் உள்ள பாடங்களில் பிற்பகல் மூன்று மணி நேரம் கட்டாயமாகப் போகும், ஒத்திகைகளும் பிற்பகலில்தான். உயிரியல், வேதியியலைச் சேர்க்கலாம், ஆனால் ஆறு வருடம் என்று நினைத்துத் தொடங்குங்கள். பொறியியலில் செமஸ்டருக்குப் பாட எண்ணிக்கையே இடம்விடாது. மருத்துவத்தோடு சேர்ப்பது பற்றிக் கேட்டால் பதில் ஒன்றுதான்: சேர்க்க வேண்டாம். மருத்துவ மாணவர் நாளைக்கு ஒரு மணி நேரம் வாசித்து எல்.டி.சி.எல். தரத்தைக் காப்பாற்றலாம், வாசிப்புப் பட்டத்தை அதே வருடங்களில் எடுக்க முடியாது.

கை, பியானோ, வெள்ளவத்தைக் காற்று

நாளைக்கு ஒரு மணியிலிருந்து நாலு மணிக்கு ஒரே மாதத்தில் தாவுகிற பிள்ளைக்கு மூன்றாவது மாதம் முன்கை வலிக்கும். இரண்டாவது பாடத்துக்கு லப்டொப்பில் தட்டுகிற நேரமும் அதே தசைநாண்களில்தான் சேர்கிறது. கிழமைக்கு இருபது, முப்பது நிமிடமாகக் கூட்டுங்கள். 25 நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் எழும்புங்கள். மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். 'வாசித்து வாசித்துச் சரிவரும்' என்பது நடக்காது.

பியானோவும் தன் பங்குக்கு நேரத்தைத் தின்னும். மெரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடியில் உப்புக் காற்று தந்திகளைத் துருப்பிடிக்க வைக்கும். இரவில் ஏசி, பகலில் சன்னல் திறப்பு என்றால் ஒலிப்பலகை சுருங்கி விரிந்து சுருதி நிற்காது. ஈரத்தில் உள்ளே ஃபெல்ட் ஊதிக் கட்டைகள் இறங்கிய இடத்திலேயே நிற்கும். பழைய வீடுகளில் அப்ரைட்டின் (நிமிர்ந்து நிற்கும் பியானோவின்) கீழ்ப்பலகைக்கு உள்ளே ஒரு சின்ன மின்குமிழை எரியவிட்டிருப்பார்கள். அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். இப்போது அதே பழக்கத்தில் எல்.ஈ.டி. குமிழைப் போட்டுவிட்டு ஏன் பயனில்லை என்று டியூனரிடம் கேட்கிறார்கள். வெளிச்சம்தான் வரும், சூடு வராது. குமிழ் ஃபெல்ட்டிலோ மரத்திலோ முட்டாமல் இருக்க வேண்டும். இதற்கென்றே வரும் ஈரநீக்கி ஹீட்டர் கம்பி அதைவிடப் பாதுகாப்பு. அயலவருக்காக நடுப் பெடலை அழுத்தி ஃபெல்ட்டோடு வாசிக்கலாம், ஆனால் அதிலேயே மாதக்கணக்கில் வாசித்தால் விரல் அளவுக்கு மீறி அழுத்தப் பழகிவிடும். டிஜிட்டல் பியானோ என்றால் 88 பாரமுள்ள கட்டைகள் இருந்தே ஆக வேண்டும். ஒடிஷனுக்கு முந்திய இரண்டு மாதமும் கிழமைக்கு ஒருமுறையாவது ஒரு கிராண்டில் வாசியுங்கள். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் தட்டுவதும் பெடலைப் பாதியில் பிடிப்பதும் அதில் வேறு மாதிரி.

முன்தெரிவு வீடியோவுக்கு அமெரிக்காவில் பல இடங்களின் கடைசித் திகதி டிசெம்பர் 1. ஒவ்வொரு உருப்படியும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே பதிவாக, கையும் முகமும் தெரிய, வலப்பக்கத்திலிருந்து எடுங்கள். ஒக்டோபரில் முதல் முயற்சி, நொவெம்பர் நடுவில் இறுதிப் பதிவு. டியூனரை முந்தின நாள் வரச்சொல்லுங்கள், அன்றே அல்ல. காலி வீதி ஹோர்னும் காகமும் அடங்க வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்குப் பிறகுதான்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? விடுமுறையில் அல்லாமல் பாடசாலைத் தவணை நடக்கும்போதே ஆறு கிழமைக்கு ஒரு சோதனை வையுங்கள். நாளைக்கு மூன்று மணி பியானோ, கிழமையில் ஆறு நாள், ரியூஷன் எதையும் நிறுத்தாமல். எத்தனை மணி வாசித்தது என்று பிள்ளையே கொப்பியில் எழுதட்டும். முதல் கிழமையும் ஆறாவது கிழமையும் ஒரே சோனாட்டாவின் முதல் பகுதியைப் போனில் பதிந்து ஆசிரியரிடம் கொடுங்கள். மணியும் குறையாமல் வாசிப்பும் வளர்ந்திருந்தால் இரட்டைப் பட்ட விண்ணப்பத்தைத் தொடங்கலாம். வாசிப்பு வளர்ந்து மற்றப் பாடப் புள்ளிகள் சரிந்தால் பி.ஏ. வழி, அல்லது கொழும்பில் பட்டமும் டிப்ளோமாவும். மணியே நான்காவது கிழமையில் ஒன்றரைக்கு இறங்கிவிட்டால், இந்த வருடம் ஒடிஷன் கட்டணம் எதையும் கட்ட வேண்டாம்.